நான்காம் ஆண்டு எச்-1பியில் பெர்ம் தொடங்கினால் கிரீன் கார்டு எப்போது வரும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: எச்-1பி வேலை விசாவில் நான்காம் ஆண்டின் நடுவில் இருக்கிறீர்கள், நான்கு ஆண்டுப் பொறியியல் பட்டமும் பதினோரு ஆண்டு அனுபவமும் உண்டு, கிரீன் கார்டின் முதல் படியான பெர்ம் (தொழிலாளர் சான்று) வேலையை இந்த மாதம், வேலைவாய்ப்பு வழியின் இரண்டாம் பிரிவான ஈபி-2இல் தொடங்குவதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது, மனைவியும், சென்னையில் பிறந்த ஒன்பது வயது மகளும் உடன் இருக்கிறார்கள். கிரீன் கார்டு கைக்கு வர எத்தனை ஆண்டு ஆகும், அதுவரை வீடு வாங்காமல் காத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. காகித வேலை எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது ஒன்று. அது முடிந்த பிறகு நிற்க வேண்டிய வரிசை எவ்வளவு நீளம் என்பது இரண்டாவது. அந்த வரிசையில் நிற்கும் ஆண்டுகளில் குடும்பத்துக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு பாதுகாப்பு கிடைக்கிறது என்பது மூன்றாவது. நீங்கள் உண்மையில் கேட்க நினைப்பது இந்த மூன்றாவதைத்தான் என்று நினைக்கிறேன்.

நான் வழக்கறிஞர் அல்ல. நியூ ஜெர்சியில் குடிவரவு வழக்குகளை மட்டும் நடத்தும் ஒரு சட்ட அலுவலகத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் கோப்புகளைத் தயாரிப்பவன். பெர்ம், அதன்பின் நிறுவனம் போடும் ஐ-140 மனு, கடைசியில் ஊழியர் போடும் ஐ-485 கிரீன் கார்டு விண்ணப்பம் ஆகிய மூன்றும் என் மேசையில் தினமும் புரளும் காகிதங்கள். உங்கள் கோப்பைப் பார்க்காமல் எழுதுவதால், உங்கள் வழக்குக்கே உரிய முடிவுகளை நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். விதிகள் எப்படி இயங்குகின்றன, கோப்புகள் எங்கே சிக்குகின்றன என்பதைச் சொல்ல என்னால் முடியும்.

முதலில் காகித வேலை. இதன் காலத்தை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். முதல் படியில், உங்கள் பதவிக்கு உங்கள் வட்டாரத்தில் நிலவும் ஊதியம் என்ன என்று அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் கேட்டுப் பெற வேண்டும். 2025இல் இதற்கு ஏறத்தாழ ஆறு மாதம் பிடித்தது. அடுத்தது ஆள்தேடல். இந்த வேலைக்குத் தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கத் தொழிலாளர் கிடைக்கவில்லை என்று நிறுவனம் சோதித்துக் காட்ட வேண்டும். மாநில வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முப்பது நாள் விளம்பரம், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தித்தாள் விளம்பரம், பணியிடத்தில் பத்து வேலைநாள் ஒட்டிவைக்கும் அறிவிப்பு ஆகியவற்றோடு, விதியில் சொல்லப்பட்ட பத்து வழிகளில் வேறு மூன்றையும் செய்ய வேண்டும். விளம்பரம் முடிந்த பிறகும் பொதுவாக முப்பது நாள் காத்திருந்துதான் விண்ணப்பத்தை அனுப்ப முடியும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இதற்கு இரண்டரை, மூன்று மாதம் ஆகும். இன்றைக்கும் எங்கள் அலுவலகத்தில் ஞாயிறு நாளிதழின் முழுப் பக்கத்தை அப்படியே மடித்துக் கோப்பில் வைக்கிறோம், ஏனென்றால் ஆடிட், அதாவது தொழிலாளர் துறையின் கூடுதல் சரிபார்ப்பு, வந்தால் விளம்பரம் எந்தத் தேதியில் எந்தப் பக்கத்தில் வந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

அதன்பின் பெர்ம் விண்ணப்பம் தொழிலாளர் துறைக்குப் போகிறது. 2019 வாக்கில், ஆடிட்டில் மாட்டாத விண்ணப்பம் மூன்று நான்கு மாதத்தில் ஒப்புதலாகி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2025இல் அதுவே பதினாறு மாத அளவுக்கு நீண்டது. ஆடிட் வந்தால் இன்னும் பல மாதங்கள் கூடும். ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் நிறுவனம் ஐ-140 மனுவைக் குடிவரவுத் துறையில் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் பெர்ம் காலாவதியாகிவிடும். ஐ-140க்குக் கூடுதல் கட்டணம் செலுத்திப் பிரீமியம் முறையில் போட்டால் பதினைந்து வேலைநாளில் பதில் வரும். ஆகவே இன்று தொடங்கி ஐ-140 ஒப்புதல் வரைக்கும் இரண்டு ஆண்டிலிருந்து இரண்டரை ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்களைத் தொழிலாளர் துறை தன் தளத்தில் மாதந்தோறும் வெளியிடுகிறது. நீங்கள் இதைப் படிக்கும் மாதத்தில் அவை சற்று ஏறியோ இறங்கியோ இருக்கலாம்.

இந்தக் கட்டத்தில் உங்களுக்கு நெருக்கடியான விஷயம் ஒன்று இருக்கிறது. எச்-1பியின் ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி நீட்டிப்பு கிடைக்க வேண்டுமானால், பெர்மோ ஐ-140ஓ தாக்கல் செய்து 365 நாள் ஆகியிருக்க வேண்டும், அல்லது ஐ-140 ஒப்புதலாகியிருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஏசி-21 சட்டம் தந்த வசதி இது. முதல் வகையில் ஓராண்டு நீட்டிப்பு கிடைக்கும். ஐ-140 ஒப்புதலாகி, வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதிக்கு இன்னும் முறை வராமல் இருந்தால் மூன்றாண்டு நீட்டிப்பு கிடைக்கும். இதன் நடைமுறைப் பொருள், ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் பெர்ம் தாக்கலாகிவிட வேண்டும் என்பது. ஊதிய நிர்ணயத்துக்கு ஆறு மாதம், ஆள்தேடலுக்கு மூன்று மாதம் என்று பார்த்தால், நான்காம் ஆண்டின் நடுவில் இருக்கும் உங்களுக்கு ஒன்பது மாத வேலையை முடிக்கப் பதினெட்டு மாதம் இருக்கிறது. போதுமானதுதான், ஆனால் தாராளம் இல்லை. "தொடங்குகிறோம்" என்று நிறுவனம் சொன்னால், ஊதிய நிர்ணய மனு தொழிலாளர் துறைக்குப் போய்விட்டதா, போன தேதி எது என்று கேளுங்கள். நிறுவனத்துக்குள் ஒப்புதல் வாங்குவதற்கும் பதவி விவரம் எழுதுவதற்குமே நான்கைந்து மாதம் கழிந்த கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தியாவுக்கு விடுமுறையில் போய்வந்த நாட்களை ஆறு ஆண்டுக் கணக்கிலிருந்து கழித்துத் திரும்பப் பெறலாம் என்பதால், கடவுச்சீட்டு முத்திரைகளையும் பயணச்சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இடையில் நிறுவனம் ஆட்குறைப்பு செய்தால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே வகை வேலையில், அதே வட்டாரத்தில், தாக்கலுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் நிறுவனம் ஆட்களை நீக்கியிருந்தால், அப்படி நீக்கப்பட்ட அமெரிக்கத் தொழிலாளர்களுக்குத் தகவல் சொல்லி அவர்களைப் பரிசீலித்த பிறகே பெர்ம் தாக்கல் செய்ய முடியும். அந்தச் சிக்கலைத் தவிர்க்கவே 2023இல் பல தொழில்நுட்ப நிறுவனங்கள் பெர்மை மொத்தமாக நிறுத்திவைத்தன. அது ஊழியரின் தவறும் இல்லை, வழக்கறிஞரின் தாமதமும் இல்லை. ஆயினும் ஆறாண்டுக் கடிகாரம் அதற்காக நிற்பதில்லை.

இனி வரிசை. பெர்ம் விண்ணப்பம் தொழிலாளர் துறைக்குப் போய்ச் சேரும் நாள்தான் உங்கள் முன்னுரிமைத் தேதி. நம்மவர்கள் பேச்சில் "உங்க பி.டி. என்ன?" என்று கேட்பது இதைத்தான். 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி வேலைவாய்ப்பு வழியாக ஆண்டுக்குக் குறைந்தது 1,40,000 கிரீன் கார்டுகள் உண்டு. இந்த எண்ணிக்கையில் மனைவி மக்களும் அடக்கம். முதல் மூன்று பிரிவுகளான ஈபி-1, ஈபி-2, ஈபி-3 ஒவ்வொன்றுக்கும் இதில் 28.6 விழுக்காடு, அதாவது 40,040. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்பது அடுத்த விதி. ஈபி-2இன் 40,040இல் 7 விழுக்காடு என்றால் 2,803. ஒரு குடும்பத்துக்கு இரண்டு கார்டு என்று வைத்தாலும், ஆண்டுக்கு ஆயிரத்து நானூறு இந்தியக் குடும்பங்கள்தான் உத்தரவாதமாக நகரும். விண்ணப்பிப்பவர்களோ ஆண்டுக்குப் பல பத்தாயிரம் பேர். வரிசை நீள்வதற்கான முழுக் காரணமும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கிறது. குடிவரவு அலுவலகம் மெத்தனமாக வேலை செய்வதால்தான் தாமதம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மை இல்லை.

வரிசை எங்கே வந்திருக்கிறது என்பதை வெளியுறவுத் துறையின் விசா புல்லட்டின் மாதந்தோறும் சொல்கிறது. 2025 அக்டோபர் புல்லட்டினில் இந்தியாவுக்கான இறுதி நடவடிக்கைத் தேதி (முன்னுரிமைத் தேதி இதற்கு முந்தையதாக இருப்பவர்களுக்கே கார்டு) ஈபி-2க்கு 2013 ஏப்ரல் 1 ஆகவும், ஈபி-3க்கு 2013 ஆகஸ்ட் 22 ஆகவும், ஈபி-1க்கு 2022 பிப்ரவரி 15 ஆகவும் இருந்தது. ஆக ஈபி-2இல் அந்த மாதம் கார்டு பெறக்கூடியவர்கள் பன்னிரண்டரை ஆண்டு முன்பு வரிசையில் சேர்ந்தவர்கள். இதைப் பார்த்து "எனக்கும் பன்னிரண்டரை ஆண்டு" என்று முடிவு செய்துவிடாதீர்கள். இன்று முன்னால் நிற்பவர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பதைத்தான் அந்தத் தேதி சொல்கிறது. இன்று கடைசியில் சேருபவருக்கும் தலைக்கும் இடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது அதில் தெரியாது.

வேறு விதமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2015 அக்டோபரில் ஈபி-2 இந்தியாவின் தேதி 2005 மே 1. 2025 அக்டோபரில் 2013 ஏப்ரல் 1. பத்து ஆண்டு காலத்தில் தேதி ஏறத்தாழ எட்டு ஆண்டு நகர்ந்திருக்கிறது. ஈபி-3 இன்னும் கூடுதலாக, 2004 மார்ச் 8இலிருந்து 2013 ஆகஸ்ட் 22 வரை, ஒன்பதரை ஆண்டு நகர்ந்திருக்கிறது. இதே வேகம் தொடர்ந்தால் பதினைந்து, பதினாறு ஆண்டில் உங்கள் தேதி வந்துவிடும் என்று தோன்றும். இந்த இடத்தில்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்தப் பத்து ஆண்டுக்குள் கொரோனா காலத்தின் இரண்டு நிதியாண்டுகள் அடக்கம். தூதரகங்கள் மூடிக்கிடந்ததால் குடும்ப வழி விசாக்கள் மீந்துபோய் வேலைவாய்ப்புப் பிரிவுக்கு வந்தன. வழக்கமான 1,40,000 என்பது 2021 நிதியாண்டில் சுமார் 2,62,000 ஆகவும் 2022இல் சுமார் 2,81,000 ஆகவும் உயர்ந்தது. அப்படிப்பட்ட ஆண்டுகளை எதிர்பார்த்து யாரும் திட்டம் போட முடியாது. மேலும் 2013க்குப் பிறகான ஆண்டுகளில் நம்மவர்களின் விண்ணப்பங்கள் அதற்கு முந்தைய ஆண்டுகளைவிட அடர்த்தியாகக் குவிந்திருக்கின்றன. ஒரே அளவு கார்டுகள் வந்தாலும் தேதி மெதுவாகவே நகரும்.

தேதி பின்னுக்கும் போகும். 2022 செப்டம்பரில் ஈபி-2 இந்தியாவின் தேதி 2014 டிசம்பர் 1 வரை வந்திருந்தது. அடுத்த மாதமே 2012 ஏப்ரலுக்குப் போயிற்று. டிசம்பரில் 2011 அக்டோபர் 8க்குச் சரிந்தது. மருத்துவப் பரிசோதனையும் முடித்து, கார்டு இந்த வாரம் வரும் அடுத்த வாரம் வரும் என்று காத்திருந்த குடும்பங்கள் மீண்டும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. அந்த டிசம்பரில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில், சட்டத்தைப் பற்றிக் கேட்டவர்களைவிட வெறுமனே அழுதவர்கள் அதிகம்.

ஆராய்ச்சி நிறுவனங்களும் மதிப்பீடு செய்திருக்கின்றன. கேட்டோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சேரும் இந்தியருக்கு 134 ஆண்டு ஆகும் என்ற எண் வந்தது. அது பரவலாகப் பேசப்பட்டது, உங்கள் காதிலும் விழுந்திருக்கும். வரிசையின் நீளத்தை ஆண்டுக்குக் கிடைக்கும் இடங்களால் வகுத்தால் வரும் எண் அது. சட்டத்தின் அநியாயத்தைக் காட்டுவதற்குப் பொருத்தமானது. ஒரு குடும்பத்தின் திட்டத்துக்கு அது உதவாது. வரிசையில் நிற்பவர்களில் சிலர் கனடாவுக்குப் போகிறார்கள், சிலர் ஊருக்குத் திரும்புகிறார்கள், சிலர் ஈபி-1க்கு மாறுகிறார்கள், ஒருவர் பெயரிலேயே ஈபி-2விலும் ஈபி-3விலும் இரண்டு மனுக்கள் இருக்கின்றன. சட்டமும் மாறக்கூடும். நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் கீழவையில் 365-65 என்ற வாக்கில் நிறைவேறியது. 2020 டிசம்பரில் மேலவை அதன் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டும் இணங்காமல் கைவிடப்பட்டன. ஆகவே இந்தியாவில் பிறந்து இன்று ஈபி-2இல் சேரும் ஒருவருக்கு இத்தனையாம் ஆண்டு கார்டு வரும் என்று சொல்பவர் எவரும் ஊகத்தைத்தான் சொல்கிறார். பதினைந்து ஆண்டுக்குக் குறைவாக நான் நினைக்கவே மாட்டேன், அதற்கு மேல் எவ்வளவு என்பதற்கு என்னிடம் எண் இல்லை.

இதைச் சொன்ன கையோடு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மனைவி எங்கே பிறந்தார்? வரிசை குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. கணவன் மனைவி இருவரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால், இருவரும் அந்த நாட்டின் வரிசையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நம் குடும்பங்களில் இது அபூர்வம் இல்லை. அப்பா வளைகுடாவில் வேலை பார்த்தபோது குவைத்திலோ மஸ்கட்டிலோ பிறந்தவர்கள், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள் எவ்வளவோ பேர். ஒரு கோப்பில், ஐ-140 ஒப்புதலாகி மூன்று ஆண்டு ஆன பிறகு, விசா நீட்டிப்புக்காக வந்த மனைவியின் கடவுச்சீட்டு நகலில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் மஸ்கட் என்று இருந்ததை நான் பார்த்தேன். கணவர் மதுரைக்காரர். "அவங்க ரெண்டு வயசுல ஊருக்கு வந்துட்டாங்க, அதனால சொல்லத் தோணல" என்றார். அந்தக் குடும்பத்தின் காத்திருப்பு அன்றோடு தீர்ந்தது. 2025 அக்டோபரில் மற்ற நாடுகளுக்கான ஈபி-2 தேதி 2023 டிசம்பர் 1; இந்தியாவின் தேதியோடு ஒப்பிட்டால் பத்து ஆண்டுக்கு மேல் வித்தியாசம். ஆனால் பிள்ளையின் பிறந்த நாடு பெற்றோருக்கு உதவாது, சட்டம் அதை அனுமதிக்கவில்லை.

ஈபி-2ஆ ஈபி-3ஆ என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈபி-2 என்றாலே விரைவு என்ற எண்ணம் பழைய காலத்தது. மேலே சொன்ன தேதிகளில் ஈபி-3 முன்னால் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 2020 அக்டோபரில் ஈபி-3 இந்தியாவின் தாக்கல் தேதி (கார்டு வருமுன்பே ஐ-485ஐப் போட மட்டும் அனுமதிக்கும் தேதி) 2015 ஜனவரிக்குத் தாவியபோது, ஈபி-2இல் இருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக அதே பெர்மை வைத்து ஈபி-3இல் இன்னொரு ஐ-140 போட்டார்கள். உங்களுக்கும் அந்த வாய்ப்பு பின்னாளில் இருக்கும் என்பதால், இப்போதைக்கு ஈபி-2இல் தொடங்குவதில் இழப்பு எதுவும் இல்லை. ஈபி-2க்கு முதுகலைப் பட்டம், அல்லது நான்கு ஆண்டு இளநிலைப் பட்டமும் அதன்பின் படிப்படியாக உயர்ந்த ஐந்து ஆண்டு அனுபவமும் வேண்டும், பதவியும் அதைக் கேட்பதாக இருக்க வேண்டும். உங்களுக்கு பி.இ. இருப்பதால் பட்டத்தில் சிக்கல் இல்லை. நம் கல்லூரிகளின் மூன்றாண்டு பி.எஸ்சி.யோடு மட்டும் வருபவர்களுக்குத்தான் சிக்கல், அதை அமெரிக்காவின் நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாகக் குடிவரவுத் துறை பொதுவாக ஏற்பதில்லை. அனுபவத்தைப் பொறுத்தவரை, இப்போதைய நிறுவனத்தில் சேர்ந்த பிறகு பெற்றது பெரும்பாலும் கணக்கில் வராது. முந்தைய நிறுவனங்களிலிருந்து, என்ன வேலை, எந்தக் கருவிகள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று விரிவாக எழுதிய கடிதம் வேண்டும். அந்தக் கடிதங்களை இப்போதே வாங்குங்கள். மூடிப்போன நிறுவனம் என்றால் உடன் பணிபுரிந்தவரின் உறுதிமொழியைத் தேடி அலைய வேண்டிவரும்.

ஈபி-1 பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2025 அக்டோபரில் அதில் தேதி மூன்றரை ஆண்டு பின்னால்தான் நின்றது என்பது பெரிய வித்தியாசம்தான். ஆனால் அதற்குரிய தகுதி வேறு ரகம்: அசாதாரணத் திறமை, சிறந்த ஆராய்ச்சி, அல்லது பன்னாட்டு நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையில் மேலாளராக இருந்து மாற்றலாகி வருதல். தேசிய நலன் விலக்கு என்ற என்ஐடபிள்யூ வழியை வேகமான குறுக்குவழி என்று விளம்பரம் செய்கிறார்கள். அது பெர்மைத் தவிர்க்கிறது, நிறுவனத்தின் தயவு இல்லாமல் நீங்களே போடலாம், ஆனால் ஒப்புதலான பின் நிற்பது அதே ஈபி-2 வரிசையில். இந்தியாவில் பிறந்தவருக்கு அதனால் மிச்சமாவது இரண்டு ஆண்டுதான்.

இனி மூன்றாவது கேள்வி. இதில் கிடைக்கும் பாதுகாப்பு படிப்படியாக ஏறுகிறது, அந்தப் படிகளுக்குத் தேதி சொல்ல முடியும் என்பதால்தான் இதை முக்கியமானதாக நினைக்கிறேன். ஐ-140 ஒப்புதல் வரை உங்கள் நிலை முழுக்க நிறுவனத்தைச் சார்ந்தது. வேலை போனால் அதிகபட்சம் அறுபது நாள் அவகாசம், அதற்குள் வேறு நிறுவனம் எச்-1பி மனு போட வேண்டும், பெர்ம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐ-140 ஒப்புதலாகிவிட்டால் முன்னுரிமைத் தேதி உங்களுடையது, மோசடியோ தவறான ஒப்புதலோ இல்லாதவரை அதை யாரும் பறிக்க முடியாது. ஒப்புதலுக்குப் பின் 180 நாள் கடந்துவிட்டால், நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும் உங்கள் எச்-1பி மூன்றாண்டு நீட்டிப்புகளுக்கு அந்த ஒப்புதல் செல்லும். 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி இது. புதிய நிறுவனம் புதிதாகப் பெர்மும் ஐ-140உம் போட வேண்டும், ஆனால் பழைய தேதி கூடவே வரும். ஐ-140 ஒப்புதலுக்குப் பிறகு எச்-4 என்ற குடும்ப விசாவில் இருக்கும் மனைவியும் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். 2015 மே மாதத்திலிருந்து இந்த வசதி இருக்கிறது. கடைசிப் படி ஐ-485. அது போட்ட 180 நாளுக்குப் பின், அதே வகை அல்லது அதை ஒத்த வேலைக்கு மாறினாலும் வழக்கு தொடரும். அந்தப் படி உங்களுக்கு வெகு தூரத்தில் இருக்கிறது.

ஆகவே வீட்டைப் பற்றி என் கருத்து: கிரீன் கார்டுக்காகக் காத்திருந்து வீடு வாங்குவது என்று வைத்தால், மகள் அந்த வீட்டில் வாழாமலேயே வளர்ந்துவிடுவாள். ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் ஆகும் வரை காத்திருங்கள், அதுவரை ஆறேழு மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கட்டும். அதற்குப் பிறகு எடுக்கும் முடிவில் குடிவரவுத் துறைக்குப் பெரிய இடம் இல்லை.

மகளைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் வயதைக் குறிப்பிட்டிருந்தீர்கள். இருபத்தோரு வயது ஆகிவிட்டால் உங்கள் விண்ணப்பத்தில் அவள் பிள்ளையாகக் கணக்கிடப்பட மாட்டாள். அதை ஓரளவு தளர்த்தும் சட்டம் உண்டு: தேதி வரும் நாளில் அவளுடைய வயதிலிருந்து, ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். பெர்ம் நிலுவையில் இருந்த பதினாறு மாதம் கழியாது. பிரீமியத்தில் போட்டால் ஐ-140 பதினைந்து வேலைநாளில் முடிந்துவிடும், ஆகவே கழிப்பதற்கும் மூன்று வாரம்தான் இருக்கும். சாதாரண முறையில் போட்டுச் சில மாதம் நிலுவையில் விட்டால் அத்தனை மாதம் மகளுக்குச் சேரும். உங்கள் நிலையில் அந்தச் சில மாதம் முடிவை மாற்றும் என்று நான் நினைக்கவில்லை, பன்னிரண்டு ஆண்டுக்குள் தேதி வருவது அவ்வளவு சந்தேகம். ஐ-140 விரைவில் ஒப்புதலாவதால் வரும் பாதுகாப்பையே நான் பெரிதாக மதிப்பேன். வயதைக் கணக்கிட எந்தப் பட்டியலைப் பார்ப்பது என்பதும் மாறிக்கொண்டிருக்கிறது: 2023 பிப்ரவரியில் தாக்கல் தேதிப் பட்டியலைப் பயன்படுத்தலாம் என்றார்கள், 2025 ஆகஸ்ட் 15இலிருந்து போடப்படும் விண்ணப்பங்களுக்கு மீண்டும் இறுதி நடவடிக்கைப் பட்டியல்தான் என்று மாற்றிவிட்டார்கள். அவள் பதினேழு பதினெட்டு வயதை எட்டும்போது கல்லூரிப் படிப்புக்கு எஃப்-1 மாணவர் விசா தேவைப்படலாம் என்பதையும், பல மாநிலங்களில் கல்விக் கட்டணம் அதைப் பொறுத்து மாறும் என்பதையும் இப்போதிருந்தே மனதில் வைத்துச் சேமியுங்கள். இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனால் பதினாறு வயதில் முதன்முறை இதைக் கேள்விப்படும் பிள்ளைகளை எங்கள் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன், பெற்றோர் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

செலவைப் பற்றி ஒரு வரி: பெர்முக்கான வழக்கறிஞர் கட்டணத்தையும் விளம்பரச் செலவையும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது 2007 ஜூலையிலிருந்து விதி. உங்களிடம் கேட்டால் கொடுக்காதீர்கள், பின்னால் சம்பளத்தில் பிடிப்பதாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, தேதி திடீரென்று தாவும் நாளுக்குத் தயாராக இருப்பது. 2007 ஜூலைக்கான புல்லட்டினில் வேலைவாய்ப்பின் ஏறத்தாழ எல்லாப் பிரிவுகளும் ஒரே மாதத்தில் கரண்ட், அதாவது வரிசையே இல்லை, என்று வந்தது; ஜூலை 2ஆம் தேதி அதைத் திரும்பப் பெற்றார்கள்; நம்மவர்கள் குடிவரவுத் துறையின் இயக்குநருக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்துகளை அனுப்பி அமைதியாக எதிர்ப்பைத் தெரிவித்தார்கள்; ஜூலை 17இல் முடிவை மாற்றி ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்களை ஏற்றார்கள். 2020 அக்டோபரிலும் அப்படி ஒரு வாசல் திறந்தது. இத்தகைய வாசல் சில வாரங்கள்தான் திறந்திருக்கும், அப்போது காகிதம் கையில் இல்லாதவர்கள்தான் தவறவிடுகிறார்கள். நம் ஊர்க் கோப்புகளில் பெரும்பாலும் இல்லாதது பிறப்புச் சான்றிதழ். திருநெல்வேலிப் பக்கம் 1980இல் பிறந்த ஒருவரின் சான்றிதழில் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது, "ஆண் குழந்தை" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அப்பாவின் பெயரில் கடவுச்சீட்டில் உள்ளதற்கு ஓரெழுத்து வித்தியாசம். பெயர் சேர்த்துத் திருத்திய சான்றிதழ் வாங்க ஊரில் அவருடைய அண்ணன் நகராட்சிக்கு ஐந்து முறை நடந்தார். பதிவே இல்லை என்றால், இல்லை என்பதற்கான சான்றிதழும், பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினர் இருவரின் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். அத்தையோ பெரியப்பாவோ நல்ல நினைவோடு இருக்கும்போதே அந்தப் பத்திரத்தை எழுதி வாங்குங்கள். உங்களுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் பெயர், தேதி, ஊர், பெற்றோர் பெயர் ஆகிய நான்கும் கடவுச்சீட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று இந்த வார இறுதியில் ஒருமுறை பாருங்கள், இனிஷியல் விரிவும் அதில் சேர்த்தி.